ஐம்பத்தெட்டாம் எண் சாலை

சாலையோரத்தில் நாட்டப்பட்டிருக்கும் பலகைகளும் கற்களும் வண்டியோட்டுகிறவனுடைய உபயோகத்துக்காக ஏற்பட்டவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் தனக்கு வேண்டிய ஊரின் பெயரையும் தூரத்தையும் மட்டும் ஒரு கணத்தில் பார்த்துவிட்டுப் போய்விடுகிறானாதலால், அவற்றின் முழுச் சுவையையும் அனுபவிக்கும் பாக்கியம், பேருந்தின் ஜன்னலோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, ஊர் போய்ச் சேரும்வரை செய்வதற்கு ஒரு காரியமுமின்றி வெளியே பார்த்துக்கொண்டிருக்கிற என் போன்ற பிரயாணிகளுக்கே வாய்த்திருக்கிறது. எண்களைக் கண்டால் அவற்றைக் கூட்டிப் பார்ப்பதும், பெருக்கிப் பார்ப்பதும், தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் எனக்குப் பால்யத்திலிருந்தே உள்ள வழக்கம். வீட்டார் இதை ஒரு வியாதியாகவே கருதிவந்திருக்கிறார்கள் என்றாலும், செலவில்லாத வியாதியாதலால் யாரும் வைத்தியத்துக்கு முயலவில்லை.

கொல்லங்கோட்டில் வசிப்பவனுக்கு இந்த வழக்கம் முற்றுவதற்கு வேண்டிய சௌகரியங்கள் எல்லாம் உண்டு. தெற்கே நெல்லியாம்பதி மலைகள் சுவர்போல் நிற்க, அவற்றின் அடிவாரத்தில் நெல்வயல்களும் பனைமரங்களுமாகப் பரந்து கிடக்கும் எங்கள் ஊரின் வழியாகத் தேசிய நெடுஞ்சாலை எதுவும் செல்லவில்லை. மேற்கே வடக்கஞ்சேரிக்குப் போனால் சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் 544 கிடைக்கும். கிழக்கே கோவிந்தாபுரம் எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனால், கோயம்புத்தூரிலிருந்து பழனி, திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் வரை ஓடும் 83 கிடைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே நென்மாறையையும் கொல்லங்கோட்டையும் கோர்த்துக்கொண்டு எல்லைவரை போவது கேரள அரசின் மாநில நெடுஞ்சாலை 58. நான் சொல்லப்போகும் கதையில் இந்த 58தான் கதாநாயகன். அவரை மேடையேற்றுவதற்கு முன்னால், எண்களை யார் எப்படி வைக்கிறார்கள் என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லியாக வேண்டும்.

2010-ஆம் ஆண்டில் மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைகள் அனைத்துக்கும் புதிதாக எண் கொடுத்தபோது, அதில் ஒரு கிரமத்தைப் புகுத்தியது. வடக்கு தெற்காகச் செல்லும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண்கள். அவை கிழக்கிலிருந்து மேற்காக வளர்ந்துகொண்டே போகும். கிழக்கு மேற்காகச் செல்லும் சாலைகளுக்கு ஒற்றைப்படை எண்கள். அவை வடக்கிலிருந்து தெற்காக வளரும். இதை வாசித்துவிட்டு மறந்துபோவதைவிடத் தமிழ்நாட்டின் வரைபடத்தை விரித்துவைத்துச் சரிபார்த்தால் உண்டாகும் ஆனந்தம் பெரிது. சென்னையிலிருந்து புதுச்சேரி, நாகப்பட்டினம் வழியாகக் கடலோரமாகத் தூத்துக்குடிக்கு இறங்குவது 32. அதற்கு மேற்கே விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மானாமதுரைக்குப் போவது 36. அதற்கும் மேற்கே வேலூரிலிருந்து திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடியை அடைவது 38. பிறகு காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் 44. கடைசியாக மலைகளுக்கு அப்பால் அரபிக்கடலோரத்தில் 66. குறுக்கே போகும் சாலைகளோ இன்னும் ஒழுங்கு: கிருஷ்ணகிரி திண்டிவனம் சாலை 77, சேலம் உளுந்தூர்ப்பேட்டை 79, கோயம்புத்தூர் சிதம்பரம் 81, பொள்ளாச்சி வழியாக நாகப்பட்டினம் போவது 83, கொச்சியிலிருந்து மூணாறு, தேனி, மதுரை வழியாகத் தொண்டிக்குச் செல்வது 85, மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வழியாகத் தனுஷ்கோடி போவது 87. கண்ணைக் கட்டி ஒருவனைத் தமிழ்நாட்டில் எங்கேனும் இறக்கிவிட்டாலும், இரண்டு சாலைகளின் எண்ணைப் பார்த்தால் தான் நிற்கும் இடத்தை உத்தேசமாகச் சொல்லிவிடலாம். மூன்றிலக்க எண்கள் கிளைச்சாலைகள். கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையைச் சொல்லும், முன்னால் நிற்பது எந்தக் கிளை என்பதைச் சொல்லும். 44-இலிருந்து சேலத்தில் பிரிவது 544. அதே 44-இலிருந்து திருமங்கலத்தில் பிரிந்து கொல்லத்துக்குப் போவது 744. அமெரிக்கர்கள் 1926-இல் தங்கள் சாலைகளுக்கு எண் கொடுத்தபோது இதே திசைக்கிரமத்தைத்தான் பின்பற்றினார்கள். இரட்டையும் ஒற்றையும் மட்டும் அங்கே இடம் மாறியிருக்கும்.

கிரமம் வந்ததில் எனக்குத் திருப்தியே. ஆயினும் ஒரு நஷ்டத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. பழைய கணக்கில் தென்னாட்டின் மூன்று பெரிய சாலைகள் 7, 17, 47 என்று அழைக்கப்பட்டன. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரிக்கு வந்தது 7. பன்வேலிலிருந்து கொச்சி இடப்பள்ளிக்கு வந்தது 17. சேலத்திலிருந்து பாலக்காடு, கொச்சி, திருவனந்தபுரம் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போனது 47. மூன்றும் ஏழில் முடிபவை. மூன்றும் தம்மையும் ஒன்றையும் தவிர வேறெதனாலும் வகுபடாத பகா எண்கள். இவற்றின் ஸ்தானத்தில் இன்று நிற்பவை 44, 66, 544. மூன்றும் இரட்டை எண்கள். எடுத்த எடுப்பிலேயே இரண்டாகப் பிளந்துவிடக்கூடியவை. இந்த மாறுதலைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் கேட்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

கடிகாரத்தைப் பார்க்காத ஒரே ஆள் என் தங்கையின் பேரன். பள்ளிக்கூடத்தில் காரணிப்படுத்துதல் படிக்கிற வயது. நென்மாறையிலிருந்து கொல்லங்கோட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது, புல் மண்டி, பாதி எழுத்தின்மேல் சினிமாச் சுவரொட்டி ஒட்டப்பட்டு, பச்சைத் தலை மாத்திரம் வெளியே தெரிந்த ஒரு கிலோமீட்டர் கல்லைக் காட்டி, “தாத்தா, தேசிய நெடுஞ்சாலைக் கல்லுக்கெல்லாம் மஞ்சத் தலைதானே, இதுக்கு ஏன் பச்சை?” என்றான். மாநிலச் சாலைக்குப் பச்சை என்றேன். “இந்த ரோட்டுக்கு என்ன நம்பர்?” என்றான். சொன்னேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: “அம்பத்தெட்டுல என்ன விசேஷம்?”

குழந்தைகள் இப்படிக் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடாது என்பது என் அபிப்பிராயம். முதலில் பிளந்து பார் என்றேன். 58 என்பது 2 × 29. சரி, இனி இலக்கங்களைக் கூட்டு: 5-உம் 8-உம் 13. பிளந்த துண்டுகளின் இலக்கங்களையும் கூட்டு: 2-உம் 2-உம் 9-உம் 13. பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இவ்விதமான எண்களுக்கு ஸ்மித் எண்கள் என்று பெயர். அமெரிக்காவில் லீஹை சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியராக இருந்த ஆல்பர்ட் விலான்ஸ்கி என்பவர், ஸ்மித் என்னும் தம் மைத்துனரின் ஏழிலக்கத் தொலைபேசி எண்ணில் இந்தக் குணத்தைக் கண்டு, 1982-இல் அதை உலகுக்கு அறிவித்தார். மைத்துனருக்குக் கணிதத்தில் அமரத்துவம் இப்படி வாய்த்தது. இத்தகைய எண்களுக்கு முடிவே இல்லை என்று 1987-இல் மெக்டேனியல் என்பவர் நிரூபித்தார்.

முடிவில்லாதவை என்றாலும் மலிந்து கிடப்பவை அல்ல. நூறுக்குள் ஆறே ஆறுதான்: 4, 22, 27, 58, 85, 94. இந்த வரிசையில் 58-க்கு அடுத்தது எது என்று கவனியுங்கள். 85! 58-ஐத் திருப்பிப்போட்டால் வருவது. 85 = 5 × 17; எட்டும் ஐந்தும் 13, ஐந்தும் ஒன்றும் ஏழும் 13. பாலக்காட்டு மாவட்டத்தில் எங்கள் ஊர் வழியாக ஓடுகிற சாலை 58. இடுக்கி மாவட்டத்தில் மூணாறு வழியாகத் தமிழகத்துக்கு இறங்குகிற சாலை 85. ஒன்று திருவனந்தபுரத்து அதிகாரிகள் கொடுத்த எண், மற்றொன்று டெல்லி அதிகாரிகள் கொடுத்த எண். ஒருவரையொருவர் கலந்துகொண்டிருக்க எவ்வித முகாந்தரமும் இல்லை.

இத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் பையன் வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தில் கற்ற ஒரு விளையாட்டை எனக்குக் காட்டினான். ஏதேனும் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வோர் இலக்கத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டவேண்டும், வந்த விடைக்கும் அப்படியே செய்யவேண்டும், செய்துகொண்டே போகவேண்டும். கடைசியில் 1-இல் போய் நின்றால் அது மகிழ்ச்சி எண்ணாம். 44-ஐ எடுத்துக்கொண்டால் 16-உம் 16-உம் 32, பிறகு 13, பிறகு 10, பிறகு 1. காஷ்மீரத்துச் சாலை மகிழ்ச்சியான சாலை. அதன் கிளையாகிய 544? காகிதத்தில் எழுதினோம்: 25-உம் 16-உம் 16-உம் 57. அதிலிருந்து 74. (இந்த 74, அதே சாலையின் பழைய எண்ணாகிய 47-இன் கண்ணாடிப் பிம்பம் என்பதை நான் வாய்விட்டுச் சொன்னபோது பையன்கூடச் சற்றுச் சந்தேகத்துடன் பார்த்தான்.) பிறகு 65, 61, 37. அதற்கடுத்து 9-உம் 49-உம் சேர்ந்து 58!

544-இல் புறப்பட்டவன் 58-இல் வந்து சேர்ந்தான். மெய்யான பூமியிலும் அவ்வாறே வடக்கஞ்சேரியில் 544-ஐ விட்டு இறங்குகிறவன் 58-இல்தான் கால் வைக்கிறான். சரி, மறுகோடியில் பொள்ளாச்சியிலிருந்து வருகிறவன்? 83: 64-உம் 9-உம் 73, 49-உம் 9-உம் 58. இரண்டே எட்டில்! இரண்டு தேசிய நெடுஞ்சாலைகளும் தத்தம் இலக்கங்களின் வர்க்கங்களைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நடுவில் எங்கள் ஊர்ச் சாலைக்கே வந்து சேர்கின்றன என்று கண்டபோது, நாங்கள் இருவரும் போட்ட கூச்சலில் சமையலறையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனது.

இந்த இடத்தில்தான் ரசிகன் என்பவன் நியாயாதிபதியாகவும் மாறவேண்டியிருக்கிறது. ஆச்சரியத்துக்குள்ளே எவ்வளவு ஆச்சரியம் உண்மையில் இருக்கிறது என்று விசாரிக்காமல் விட்டால், எண்களை வைத்து ஜோசியம் சொல்லிப் பெயரின் எழுத்தை மாற்றச் சொல்லுகிறவர்களுக்கும் நமக்கும் பேதமில்லாமல் போய்விடும். 58-லிருந்து மேலே நடந்தால் 89, 145, 42, 20, 4, 16, 37, மறுபடி 58. எட்டு எண்கள் கொண்ட ஒரு வட்டம். உள்ளே விழுந்தவன் வெளியேறுவதில்லை. மூன்றிலக்க எண் எதுவானாலும் அதன் வர்க்கக்கூட்டு 243-க்கு மேல் போகமுடியாது, ஏனெனில் 999-க்கே அவ்வளவுதான் கிடைக்கிறது. ஆகவே யாத்திரை முடிவின்றி வளர வழியில்லை, எங்கேயோ ஓரிடத்தில் வந்த வழிக்கே திரும்பியாக வேண்டும். அந்த 243-க்குள் எல்லாவற்றையும் பொறுமையாகச் சோதித்தால், ஒவ்வோர் எண்ணும் ஒன்று 1-இல் நிற்கிறது, அல்லது இந்த ஒரே வட்டத்தில் விழுகிறது, மூன்றாவது கதியில்லை என்பது தெரிந்துவிடுகிறது. ஒன்றிலிருந்து நூறுவரை உள்ள எண்களில் மகிழ்ச்சி எண்கள் இருபது. மிச்சம் எண்பதும் இந்த வட்டத்துக்குள் வந்து 58-ஐத் தொட்டே தீரும். ஆகவே எந்தச் சாலையின் எண்ணை எடுத்தாலும் ஐந்தில் நான்கு பங்கு அது 58-ஐத் தொட்டுவிடும் என்பது பிரத்தியட்சம். கொல்லங்கோட்டுக்கென்று தனிச் சலுகை ஒன்றும் இல்லை.

இதைக் கேட்டால் விஷயத்தின் சுவை போய்விட்டது என்று பலர் எண்ணக்கூடும், எனக்கு இரட்டிப்பாயிற்று. 44-க்கு மேற்கே 66 இருப்பது ஒருவர் தீர்மானித்து வைத்தது. 58-உம் 85-உம் ஸ்மித் எண்களாக அமைந்தது ஒருவரும் தீர்மானிக்காதது. எண்கள் அனைத்தும் இரண்டே கதிகளில் முடிவதோ யாருடைய தீர்மானத்துக்கும் கட்டுப்படாதது. பார்வைக்கு ஒரேமாதிரியான சந்தோஷத்தைத் தரும் இம்மூன்றையும் பிரித்தறிவதுதான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவனுடைய முழுநேர உத்தியோகம்.

இந்த உத்தியோகத்துக்கு ஒரு குருநாதர் வேண்டுமென்றால், ராமானுஜனையும் 1729-ஐயும் எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்களாதலால், நான் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கரையே முன்னிறுத்துவேன். மகாராஷ்டிரத்தில் நாசிக்குக்குப் பக்கத்திலுள்ள தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராக இருந்தவர்; பெரிய பட்டங்களோ பதவிகளோ இல்லாதவர். நான்கிலக்க எண் ஒன்றின் இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாகவும் சிறியதிலிருந்து பெரியதாகவும் அடுக்கிக் கழித்துக்கொண்டே போனால், எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாதவரை, 6174-இல் போய் நிற்கும் என்று கண்டு, 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அதை வெளியிட்டவர் அவரே. தாம் கண்டுபிடித்த ஒருவகை எண்களுக்கு, அந்த யோசனை உதித்தபோது தாம் நின்றிருந்த டெம்லோ ரயில் நிலையத்தின் பெயரையே வைத்தார். இப்போது அந்த நிலையத்தை டோம்பிவிலி என்கிறார்கள். ஓர் ஊர்ப் பலகையை எண்களின் குலத்துக்கே பெயராக்கிவிட்ட அந்த மனிதரை எங்கள் முதலமடை ரயில் நிலையத்தின் ஆலமரங்களுக்கு அடியில் ஒரு மாலைப்பொழுது உட்காரவைத்திருந்தால் எத்தனை எண்களுக்கு முதலமடை என்று பெயர் வைத்திருப்பாரோ!

மூன்றிலக்க எண்களுக்கு அவருடைய கழித்தல் 495-இல் முடியும். பாலக்காட்டிலிருந்து கோழிக்கோட்டுப் பக்கம் போகிற 966-ஐப் போட்டுப் பாருங்கள்: 966-இலிருந்து 669 போனால் 297, பிறகு 693, 594, 495. சத்தியமங்கலம் வழியாகக் கோயம்புத்தூரையும் பெங்களூரையும் சேர்க்கும் 948-க்கு இந்தச் சிரமமே இல்லை. 984-இலிருந்து 489-ஐக் கழித்தால் ஒரே வீச்சில் 495. போகிற போக்கில் இன்னொன்று: 966, தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையாகிய 21-ஆல் மிச்சமின்றி வகுபடும். இக்குணமுள்ள எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயரிட்டவரும் கப்ரேக்கரே.

சாலை எண்களைவிட்டுத் தூரங்களுக்கு வந்தால் விளையாட்டின் ரூபமே மாறிவிடுகிறது, ஏனெனில் கல் நகராவிட்டாலும் நாம் நகர்கிறோம். இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள கற்களில் முன்னூரின் தூரத்தையும் பின்னூரின் தூரத்தையும் கூட்டினால் மாறாத ஒரே தொகை. அந்தத் தொகை 99 என்று வைத்துக்கொண்டால், ஒன்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை கல்லின் ஒருமுகத்தில் 18-உம் மறுமுகத்தில் 81-உம், பிறகு 27-உம் 72-உம், பிறகு 36-உம் 63-உம் என்று முன்பின்னாகத் திரும்பிய எண்கள் வரும். இதற்கு 99 தான் வேண்டுமென்பதில்லை. ஓர் ஈரிலக்க எண்ணையும் அதன் திருப்பத்தையும் கூட்டினால் எப்போதும் பதினொன்றின் மடங்கே வருமாதலால், ஊர்களின் இடைவெளி 44, 55, 66 என்று அமைந்தாலும் போதும்.

பழைய கணக்குப் புதிர் ஒன்றும் உண்டு. சீரான வேகத்தில் போகிற பேருந்திலிருந்து ஒரு கல்லில் ஈரிலக்க எண் ஒன்றைப் பார்க்கிறோம். ஒரு மணி கழித்து அதே இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. இன்னும் ஒரு மணி கழித்து முதலில் பார்த்த இலக்கங்களுக்கு நடுவே ஒரு பூஜ்யம் வந்து உட்கார்ந்திருக்கிறது. வேகம் என்ன? இரண்டு இடைவெளிகளும் சமம் என்று எழுதினால், ஒன்றின் ஸ்தானத்து இலக்கம் பத்தின் ஸ்தானத்து இலக்கத்தைப்போல் ஆறு மடங்காக இருக்கவேண்டும் என்று வரும். ஆகவே 16, 61, 106. மணிக்கு 45 கிலோமீட்டர். எங்கள் பக்கத்துப் பேருந்துகளின் யோக்கியதைக்கு மிகவும் பொருத்தமான விடை.

கிலோமீட்டருக்கு முந்திய மைல்களும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கோட்டயத்திலிருந்து குமுளிக்கு ஏறும் சாலையில் முண்டக்கயத்தைத் தாண்டி இடுக்கி மாவட்டத்துக்குள் நுழையும் இடத்துக்கு இன்றைக்கும் 35-ஆம் மைல் என்றுதான் பெயர். மைலைக் கிலோமீட்டராக்க எளிய வழி ஒன்று: 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 என்று முந்திய இரண்டையும் கூட்டி அடுத்ததைப் பெறுகிற தொடரில், எந்த எண்ணையும் மைலாகக் கொண்டால் அதற்கடுத்தது ஏறக்குறையக் கிலோமீட்டர். 5 மைல் 8 கிலோமீட்டர். 13 மைல் 21. 34 மைல் 55. தொடரின் அடுத்தடுத்த எண்களின் விகிதம் 1.618-ஐ நெருங்க, ஒரு மைலில் உள்ள கிலோமீட்டர்கள் 1.609 ஆக இருப்பதால் வந்த யோகம் இது. பிபொனாச்சியின் பெயரால் வழங்கும் இத்தொடரை அவருக்கு முன்பே, பன்னிரண்டாம் நூற்றாண்டில், சந்தஸ் சாஸ்திரத்தில் குறிலையும் நெடிலையும் அடுக்கும் வகைகளை எண்ணியபோது ஹேமசந்திரர் சொல்லியிருக்கிறார். அந்தக் கோட்டயம் குமுளிச் சாலைக்கு இன்றைய எண் 183. அதன் பக்கத்தில் அடுத்த எண்ணாகிய 184-ஐ ஒட்டி எழுதினால் 183184. இது 428-இன் வர்க்கம். வீட்டில் யாராவது சும்மா இருந்தால் பெருக்கிப் பார்க்கச் சொல்லலாம்.

சென்ற விடுமுறையில் பையனை வால்பாறைக்கு அழைத்துப்போனேன். ஆழியாறிலிருந்து ஏறும் மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள்; ஒவ்வொன்றின் பலகையிலும் 1/40, 2/40 என்று பின்னமாகவே எழுதியிருப்பதால் இதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் கிடையாது. லோம்ஸ் வியூ என்று எல்லோரும் இறங்கி நின்று ஆழியாறு அணையைப் பார்க்கிற ஒன்பதாவது வளைவில் 9/40. ஒன்பதின் வர்க்கம் 81, நாற்பதின் வர்க்கம் 1600. கூட்டினால் 1681, அதாவது 41-இன் வர்க்கம். செங்கோண முக்கோணம் ஒன்றின் இரண்டு பக்கங்களைப் பலகையில் எழுதிவைத்துவிட்டு மூன்றாவதை நம்மிடம் விட்டுவிட்டது நெடுஞ்சாலைத் துறை. ஆனால் பையனுக்கு நான் கொடுத்திருந்த வேலை வேறு: நாற்பது பின்னங்களில் சுருக்க முடியாதவை எத்தனை? 8/40 என்பது ஐந்தில் ஒன்றாகிவிடும். 9/40 எதற்கும் மசியாது. விடை பதினாறு என்று ஆய்லரின் சூத்திரம் சொல்கிறது; பையனுக்கு அது தெரியாதாகையால் ஒவ்வொரு பலகை வரும்போதும் விரலை மடக்கிக்கொண்டும், சில சமயம் மடக்கிய விரலை என்னிடம் வாதாடிவிட்டு நீட்டிக்கொண்டும் வந்தான். 33/40-ஐப் பற்றி எங்களுக்குள் தகராறு முற்றி, மூன்றால் நாற்பது வகுபடுமா படாதா என்று சற்று உரக்கவே பேசிக்கொண்டிருந்தபோது, வெகுநேரமாக எங்களைக் கவனித்துக்கொண்டிருந்த கண்டக்டர் அருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எதுக்குங்க அப்பவே புடிச்சு எண்ணீட்டு வர்றீங்க?” என்றார். “மொத்தம் நாப்பதுதானுங்க. போர்டுலயே போட்டிருக்குதுங்களே.”